கையெழுத்துப் போடும் முன்

தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்து வீட்டில் ஒரு குடும்பம். கணவன், மனைவி இருவரும் தோட்டத் தொழிலாளிகள். இவர்கள் கதைக்காகச் சொல்லப்படுகிறவர்கள்தான். ஆனால் இவர்களுக்கு வந்த நிலைமை யாருக்கும் வரலாம்.

மனைவிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். கொழுந்து எடுக்கும்போது காலில் கல் குத்தியது. புண் ஆறவே இல்லை. போன வருடம் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இந்த வருடம் அதே காலில் மறுபடியும் புண். கால் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. மலை இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் புண்ணைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இந்த மாதிரிப் புண்ணுக்கு ஒரு புது மருந்து வந்திருக்கிறது. பூசுகிற மருந்து. அதை இங்கே சோதித்துப் பார்க்கிறோம். விருப்பம் இருந்தால் நீங்களும் சேரலாம். மருந்துக்குக் காசு வேண்டாம்."

சிஸ்டர் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். எட்டுப் பக்கம். எல்லாம் மலையாளம். கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு.

"இங்கே ஒப்புப் போட்டால் போதும், சேச்சி" என்றார்.

கணவர் பேனாவை வாங்கி மனைவியிடம் நீட்டினார். மனைவி வாங்கவில்லை.

"இருங்க. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிப் போடுறது?"

"டாக்டர் நல்லதுக்குத்தானே சொல்வாரு."

"நல்லதுக்குத்தான். அதுக்காகக் கேட்கக் கூடாதா?"

அவர் மாலை நேர வகுப்பில் தமிழ் படிக்கக் கற்றவர். மலையாளம் நன்றாகப் பேசுவார். ஆனால் படிக்கத் தெரியாது. இடுக்கி மலையிலும், பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இப்படி எத்தனையோ பேர் உண்டு. கடையில், பஸ்ஸில், ஆபீசில் மலையாளம். வீட்டில் தமிழ். படித்ததும் தமிழ்.

1991 ஏப்ரல் 18ஆம் தேதி, கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள். அது பெரிய காரியம். ஆனால் படிக்காமல் போடும் கையெழுத்து, கைநாட்டைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? அந்த மனைவி பேனாவை வாங்காமல் இருந்தது சரிதான்.

கடலைக் காட்டில் நடக்கும் சோதனை

மருந்துச் சோதனை என்றால் அது டாக்டர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதன் அடிப்படை விவசாயிக்குத் தெரியும்.

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு விவசாயி நிலக்கடலை போடுகிறார். யாரோ ஒரு புது விதையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். "இது இரண்டு மடங்கு காய்க்கும்" என்கிறார்கள். அவர் உடனே ஒரு ஏக்கர் முழுவதும் அதைப் போட்டுவிடுவாரா? மாட்டார். பத்து சென்ட்டில் புது விதை போடுவார். பக்கத்திலேயே பத்து சென்ட்டில் பழைய விதை போடுவார். இரண்டுக்கும் ஒரே மண், ஒரே மழை, ஒரே உரம். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்ப்பார்.

புது விதையைக் கிணற்றோரம் போட்டு, பழைய விதையை மேட்டில் போட்டால் என்ன ஆகும்? புது விதைதான் ஜெயிக்கும். ஆனால் ஜெயித்தது விதையா, தண்ணீரா? சொல்ல முடியாது.

மருந்துச் சோதனையும் இதே வழியில்தான் நடக்கிறது. நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்குப் புது மருந்து. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான மருந்து. யார் எந்தப் பிரிவு என்று டாக்டர் தன் விருப்பப்படி முடிவு செய்யக் கூடாது. அவர் தெம்பாக உள்ளவர்களையே புது மருந்துப் பிரிவில் சேர்த்துவிடலாம். வேண்டும் என்றே செய்யாவிட்டாலும் மனம் அப்படி இழுக்கும். அதனால் சீட்டுக் குலுக்குவது போலப் பிரிப்பார்கள். இப்போது அந்தக் குலுக்கலைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. புது விதைமேல் ஆசை வைத்த விவசாயி, தன்னை அறியாமலே அந்தப் பாத்திக்கு ஒரு குடம் தண்ணீர் அதிகம் விடுவார். டாக்டரும் மனிதர்தானே. நோயாளியும் "எனக்குப் புது மருந்து" என்று தெரிந்தால், வலி குறைந்தது போல உணரலாம். ஆகவே பல சோதனைகளில் யாருக்கு எந்த மருந்து என்பதை இருவருக்குமே சொல்ல மாட்டார்கள். சில சோதனைகளில் ஒரு பிரிவுக்கு வெறும் மருந்து கொடுப்பார்கள். பார்ப்பதற்கு மருந்து போலவே இருக்கும். உள்ளே மருந்துச் சத்து இருக்காது.

விதைக்கும் மருந்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விதை பொய்த்தால் ஒரு பருவம் போகும். மனித உடம்பில் பொய்த்தால்? அதனால்தான் மருந்துச் சோதனைக்குச் சட்டம் இருக்கிறது. அந்த எட்டுப் பக்கக் காகிதமும் அதற்காகத்தான்.

சென்னையில் கேட்ட கேள்வி

சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து ஓட வேண்டியதும் இல்லை. சென்னையில் நடந்த ஒரு சோதனையால் உலகம் முழுவதும் டி.பி. வைத்தியமே மாறியது.

1950களில் டி.பி. என்றால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அங்கே மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும். நல்ல ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு இல்லாமல் குணமாகாது என்று நம்பினார்கள். ஆனால் நோயாளிகள் லட்சக் கணக்கில் இருந்தார்கள். அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? சம்பாதிக்கிறவரே போய்ப் படுத்துக்கொண்டால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

அதற்குள் டி.பி. கிருமியைக் கொல்லும் மாத்திரைகள் வந்துவிட்டன. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. மாத்திரைதான் குணமாக்குகிறது என்றால், அதை வீட்டிலேயே சாப்பிட்டால் என்ன?

இதைக் கண்டுபிடிக்க 1956இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. 193 நோயாளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வீட்டில் வைத்தியம் பெற்றார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். இருவருக்கும் ஒரே மருந்துதான்.

வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தார்கள். சாப்பாடும் குறைவு. சானடோரியத்தில் பாலும் முட்டையும் ஓய்வும் கிடைத்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது. வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடாதா? குடும்பத்தாரையும் வருடக் கணக்கில் கவனித்தார்கள். வீட்டு வைத்தியத்தால் அவர்களுக்கு அதிக ஆபத்து வரவில்லை.

இந்த முடிவு 1959இல் வெளியானது. இன்று டி.பி. நோயாளி தன் வீட்டில் இருந்தபடியே அரசு மருந்தை இலவசமாகச் சாப்பிடுகிறார். அந்த வசதிக்கு முதல் வழி போட்டது அந்த 193 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எல்லாச் சோதனையும் "ஆமாம்" என்று முடிவதில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் பி.சி.ஜி. ஊசிக்கு ஒரு சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அதில் இருந்தார்கள். 15 வருடம் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான டி.பி.யை அது தடுக்கிறது. அதனால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். நல்ல மருந்து என்று எல்லோரும் நம்பிய ஒன்றுகூட, சோதித்துப் பார்த்தால் பாதிதான் உண்மையாக இருக்கலாம்.

கேட்காமல் நடந்தவை

தவறும் நடந்திருக்கிறது. அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில் 1999, 2000ஆம் ஆண்டுகளில் வாய்ப் புற்றுநோயாளிகள் சிலருக்கு ஒரு புது மருந்து ஊசி மூலம் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மருந்து அது. அதே மையத்தில் வேலை செய்த ஒரு டாக்டரே இதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். 2001இல் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. தன் ஆய்வுக் குழுவின் அனுமதி இல்லாமலே சோதனை நடந்தது என்று ஒப்புக்கொண்டது. உள்ளே இருந்தவரே கேட்டிராவிட்டால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்தது 2009. அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டம். இப்போது அது தெலங்கானாவில் இருக்கிறது. அங்கே 10 முதல் 14 வயதுவரை உள்ள ஆயிரக் கணக்கான பெண் பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி. ஊசியைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று பார்க்கும் ஆய்வு அது. குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது. பிள்ளைகளில் பலர் பழங்குடியினர். விடுதியில் தங்கிப் படித்தவர்கள்.

ஆய்வு நடந்த காலத்தில் ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. சாவுக்கு ஊசி காரணம் என்று தெரியவில்லை என்றே விசாரணைக் குழு கூறியது. ஆனால் சம்மதம் வாங்கிய விதம் வெளிச்சத்துக்கு வந்தது. நாடாளுமன்றக் குழு 2013இல் அறிக்கை கொடுத்தது. ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 1,948இல் இருந்தது கைநாட்டு. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெற்ற தாய் தகப்பனைப் பலர் கேட்கவே இல்லை.

அந்த ஊசி கெட்ட ஊசி அல்ல. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஊசிதான் அது. பல நாடுகளில் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். ஆனால் சொல்லாமல், கேட்காமல் போட்டார்கள். அதன் பலன் என்ன? நல்ல ஊசியின் மேலேயே ஜனங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் போக வருடங்கள் ஆயின.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

புது மருந்துச் சோதனைக்கான விதிகள் 2019இல் வந்தன. நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதிய விவரத் தாள் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆஸ்பத்திரியைச் சேராத ஒரு பொதுச் சாட்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். தாளின் ஒரு நகலும், கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலும் நோயாளியிடம் இருக்க வேண்டும். பாதியில் விலகிக்கொள்ளலாம். விலகினால் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் உண்டு.

படிவத்தில் வாரிசுதாரர் பெயரைக் கேட்பார்கள். எல்.ஐ.சி. படிவத்தில் கேட்பது போலத்தான். சிலர் இதைப் பார்த்ததும் "செத்துப் போவோம் என்று இவர்களே முடிவு கட்டிவிட்டார்களா?" என்று பதறுகிறார்கள். அப்படி இல்லை. ஏதாவது நேர்ந்தால் நஷ்ட ஈட்டை யாரிடம் கொடுப்பது என்பதற்காகத்தான் அது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர். ஒரு பெண் இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத ஒரு பொது ஆளும் இருக்க வேண்டும். அந்தக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் தாளில் இருக்கும். சோதனையை அரசின் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். அது 2009 முதல் கட்டாயம். பதிவு எண் 'சி.டி.ஆர்.ஐ.' என்று தொடங்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் வீட்டில் உள்ள பிள்ளைகள் செல்போனிலேயே தேடிப் பார்த்துவிடுவார்கள். காசு கிடையாது.

பதிவு எண்ணும் இல்லை, தாளும் இல்லை, "புது வைத்தியம், இத்தனை ஆயிரம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அது சோதனை அல்ல. வியாபாரம். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது முறை அல்ல.

மறுபடியும் அந்த ஆஸ்பத்திரியில்

மனைவி பேனாவை வாங்காததைப் பார்த்து சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய்த் தேடினார். தமிழ்த் தாளும் இருந்தது. யாரும் கேட்காததால் அலமாரியிலேயே கிடந்தது.

மனைவி டாக்டரிடம் கேட்டார்.

"சார், இந்த மருந்தை இதுக்கு முன்னாடி யாருக்காவது போட்டிருக்கீங்களா?"

"நாற்பது பேருக்குப் போட்டார்கள். வேறு ஊரில். சிலருக்கு எரிச்சல் வந்தது. பெரிய கெடுதல் இல்லை."

"எனக்குப் புது மருந்துதான் கிடைக்குமா?"

"அது குலுக்கலில்தான். கிடைக்காவிட்டாலும் வழக்கமான கட்டும் மருந்தும் நிற்காது."

"நான் சேரலேன்னா?"

"அப்போதும் இதே கட்டு, இதே மருந்து. எந்தக் குறையும் வராது."

பிறகு அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "இதைப் போட்டா என் கால் தப்பிக்குமா, சார்?"

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியாது அம்மா. தெரியாததால்தான் சோதனை செய்கிறோம்" என்றார்.

நேர்மையான பதில் அது. "கண்டிப்பாகக் குணமாகும்" என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். குணமாகும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் சோதனை எதற்கு?

டாக்டரும் கேட்டார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று. மனைவி பையில் இருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அட்டை பேசும். "வேற ஏதாவது?" என்றார் டாக்டர். மனைவி கணவரைப் பார்த்தார். சர்க்கரைக்கு என்று தினமும் காலையில் ஒரு கஷாயம் குடிப்பதைச் சொன்னார். முன்பு ஒரு ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்துப் போனதையும் சொன்னார். டாக்டர் இரண்டையும் குறித்துக்கொண்டார். அந்த ஊசியின் பெயரை எஸ்டேட் டிஸ்பென்சரிச் சீட்டில் பார்த்து வரச் சொன்னார். நோயாளியின் உடம்பைப் பற்றி நோயாளிக்குத்தான் அதிகம் தெரியும். அவர் சொல்லாவிட்டால் எந்தப் பெரிய டாக்டருக்கும் தெரியாது.

"இன்றைக்கே போட வேண்டாம். வீட்டில் படித்துவிட்டு வியாழக்கிழமை வாருங்கள்" என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி லயத்து வீட்டில் மனைவி தாளைப் படித்தார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாம் பக்கத்தில் 'தற்செயல் ஒதுக்கீடு' என்று ஒரு சொல் வந்தது. இரண்டு முறை படித்தும் புரியவில்லை.

"அப்படின்னா என்ன?" என்றார் கணவர்.

மனைவி அடுத்த வரியைப் படித்துப் பார்த்தார். "ஓ, சீட்டுக் குலுக்குறதா? அதை அப்படியே எழுதினா என்னவாம்!"

எட்டுப் பக்கமும் முடியும்போது மணி பத்தாகிவிட்டது. சேருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. மனைவி பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்தார். அதன் பின்பக்கத்தில் எழுதினார்.

"மருந்து போடுகிற நாளில் கொழுந்து எடுக்கப் போகலாமா? ராத்திரியில் புண் பெரிதானால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? பஸ் காசு தருவீர்களா?"

மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பைக்குள் தாளோடு சேர்த்து வைத்தார்.